திரையில் தெறிக்காத அமிலம்

அனுப்புநர்:
ச. பிரபாவதி, எம்.எஸ்சி., பி.எட்.,
முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி,
தாழம்பனூர், கிளியனூர் வழி,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 29.01.2025 அன்று மாணவி ஒருவர் கண்பார்வை இழந்தது – ஆய்வக உதவியாளர் திரு. ம. சித்தார்த்தன் மீது சுமத்தப்பட்ட குற்றம் பொய்யானது எனத் தெரிவித்தல் – எனது வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – என் மீது விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது எழுத்துமூல வாக்குமூலம், நாள் 05.02.2025.
2. திரு. சித்தார்த்தன் தற்காலிகப் பணிநீக்க ஆணை, நாள் 10.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட பள்ளியில் ஏழு ஆண்டுகளாக வேதியியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இம்மனுவைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பாமல் நேரடியாகத் தங்களுக்கு அனுப்புவது முறையன்று என்பதை அறிவேன். அவர் வழியாக அனுப்பியிருந்தால் இது தங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திராது. இதில் பிறர் மீது நான் கூறும் புகார் கொஞ்சம். என் மீது நானே கூறும் புகார்தான் அதிகம். அதனால் பொறுமையுடன் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.

2. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவி சங்கவி, அடர் கந்தக அமிலம் தெறித்ததில் இடக்கண் பார்வையை முழுவதுமாக இழந்துவிட்டார். வலக்கண்ணில் வெளிச்சமும் உருவமும் மட்டுமே தெரிகின்றன. ஆய்வக உதவியாளர் சித்தார்த்தன் அமிலப் புட்டியை மாணவியர் மேசையில் வைத்துவிட்டு அனுமதியின்றி வெளியே சென்றதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தது என் வாக்குமூலம். அது பொய்.

3. நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் ஆய்வகத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு மாணவியர். சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும் ப்யூரெட் குழாய்கள் ஒன்பது. அவற்றில் அடைப்பும் கசிவும் இல்லாதவை நான்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு இருபது கணினிகள் வந்தன. செய்முறைகளை மாணவியர் முதலில் கணினியில் செய்து பழகிவிட்டு, பின்னர் ஆய்வகத்தில் நேரடியாகச் செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. அது நல்ல அறிவுரை. முதல் ஆண்டு நானும் அப்படித்தான் செய்தேன். கணினியில் பார்த்ததைக் கண்ணாடிக் குடுவையில் செய்தபோது, இளஞ்சிவப்பு நிறம் எந்தச் சொட்டில் வந்து நிற்கும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். கணினியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

4. இரண்டாம் ஆண்டு முதல் நான் அந்த அறிவுரையின் இரண்டாவது பாதியை, ஆய்வகத்தில் நேரடியாகச் செய்வதை, விட்டுவிட்டேன். ஒரே நாளில் முடிவு செய்து விடவில்லை. ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை. மறு வாரம் வேறொரு ஆசிரியரின் வகுப்பையும் நான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. கணினி அறையில் பிள்ளைகளை உட்கார வைத்தால் எதுவும் உடையாது, எதையும் கழுவ வேண்டாம், யார் கையும் பொத்துப்போகாது. உண்மையைச் சொன்னால், கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு அமிலத்தின் மீது பயம் உண்டு. கணினி அந்தப் பயத்திலிருந்து எனக்கு விடுதலை கொடுத்தது. அதை நவீனக் கற்பித்தல் முறை என்று பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். தலைமையாசிரியரும், கணினிவழிச் செய்முறையில் நூற்றுக்கு நூறு என்று மாவட்டத்துக்கு எழுதினார். பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டமிட்டு அலுவலக அறையில் மாட்டினோம்.

5. இயற்பியல் ஆசிரியர் திரு. ஜெகதீசன் இதற்கு நேர் எதிர். தம் மாணவியரை அவர் ஒருநாள்கூடக் கணினி அறைக்கு அனுப்பியதில்லை. "ஸ்க்ரூகேஜைக் கையில புடிக்காத புள்ளைக்கு அளவுன்னா இன்னான்னு தெரியும்? படத்தப் பாத்துக்கினு இருந்தா பாடம் வந்துடுமா?" என்று ஆசிரியர் அறையில் சத்தமிடுவார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பதினேழு வயதுப் பெண் தம்மைவிட வேகமாக மௌஸைப் பிடிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்பதும் உண்மை. இதை அவரே ஒருமுறை என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆக, எங்கள் பள்ளியில் ஒருவர் கணினியைத் தொட அஞ்சினார். இன்னொருத்தி அமிலத்தைத் தொட அஞ்சினாள். இடையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

6. பள்ளி ஆய்வகங்களில் கணினிப் பயன்பாடு குறித்து அறிவியல் ஆசிரியர்களின் மனப்பாங்கை அறிய மாவட்டம் முழுவதும் இணையவழிப் படிவம் ஒன்று கேட்கப்பட்டிருந்தது தங்களுக்கு நினைவிருக்கும். இருபத்துநான்கு வினாக்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தாமே நிரப்ப வேண்டியது. எங்கள் பள்ளியில் கடைசி நாளான 29.01.2025 வரை எவரும் நிரப்பவில்லை. அன்று காலை பத்தரை மணிக்குத் தலைமையாசிரியர் சித்தார்த்தனை அழைத்து, எல்லா அறிவியல் ஆசிரியர்களின் படிவங்களையும் அவரே நிரப்பிப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்றே குறிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் உடன் இருந்தேன். சித்தார்த்தன் தயங்கினார். "சார், இன்னிக்கு பிளஸ் டூ புள்ளைங்களுக்கு லேப் இருக்குது. மிஸ் தனியா இருப்பாங்க," என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க," என்று சொன்னவள் நான். அனுமதியின்றி வெளியேறினார் என்று விசாரணை அறிக்கையில் உள்ளது. அனுமதி கொடுத்தவள் நான்.

7. அன்று ஆய்வகத்தைத் திறந்ததற்குக் காரணம், பொதுத்தேர்வின் செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாட்களே இருந்ததுதான். ப்யூரெட்டைக் கையால் தொடாத ஐம்பத்திரண்டு பேரை ஒன்பது நாட்களில் தயார் செய்ய வேண்டும். நான் ஒரு மூலையில் அமர்ந்து அவர்களுடைய செய்முறைப் பதிவேடுகளில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன். செய்யாத சோதனைகளுக்குச் சென்ற ஜூலை, ஆகஸ்ட் மாதத் தேதிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

8. பதினொரு மணிக்குச் சற்று முன்பாக, பெர்மாங்கனேட் சோதனைக்குத் தேவையான நீர்த்த கந்தக அமிலம் தீர்ந்துவிட்டதாக மாணவியர் சொன்னார்கள். அதைத் தயாரித்து வைப்பது சித்தார்த்தனின் வேலை. அவர் கணினி அறையில் இருந்தார். எழுந்து போக எனக்குச் சோம்பலா பயமா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அமில அலமாரியின் சாவியை எடுத்துச் சங்கவியிடம் நீட்டி, "நீயே கலந்துடு சங்கவி. கம்ப்யூட்டர்ல பத்து தரம் பண்ணிருக்கியே," என்றேன். கணினிச் செய்முறையில் அவர்தான் எப்போதும் முதலிடம். கூப்பிட்டதும் மகிழ்ச்சியோடு எழுந்து வந்தார். பாதுகாப்புக் கண்ணாடிகள் உறை பிரிக்காமல் அதே அலமாரியில் இருந்தன. அணியும்படி நான் சொல்லவில்லை.

9. அமிலத்தைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஒருபோதும் அடர் அமிலத்தில் ஊற்றக்கூடாது. இது வேதியியலின் முதல் பாடம். நாங்கள் பயன்படுத்திய கணினிச் செயலியில் எதை எதில் ஊற்றினாலும் ஒன்றுதான். இரண்டு குடுவைகளையும் மௌஸால் இழுத்து விட்டால் பச்சை நிறத்தில் சரி என்று வரும். அந்தக் குறை எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். சங்கவி பீக்கரில் முதலில் அமிலத்தை ஊற்றினார். பிறகு கேனில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றினார். கொதிநீர் பொங்குவது போன்ற ஓசை கேட்டு நான் தலை நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே சரிந்துகொண்டிருந்தார். மணி 11.05.

10. குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. அன்று காலை மோட்டார் போடப்படவில்லை. நான் செய்வதறியாது நின்றுவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தவர் ஜெகதீசன். "பாட்டில் தண்ணி எடுங்கடி எல்லாரும்! ஜல்தி, ஜல்தி!" என்று கத்தி, பிள்ளையின் தலையைத் தம் மடியில் சாய்த்து, ஐம்பது பேரின் குடிநீர்ப் புட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கவியின் கண்களில் ஊற்றினார். வலக்கண்ணில் இன்று மிஞ்சியிருக்கும் வெளிச்சம் அந்தத் தண்ணீரால் மிஞ்சியது என்று மருத்துவர் பின்னர் சொன்னார். நானும் அவரும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் ஆம்புலன்ஸில் உடன் சென்றோம்.

11. கணினி அறை பள்ளியின் மறுபக்கக் கட்டடத்தில் உள்ளது. அங்கிருந்த சித்தார்த்தனுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் என் பெயரிலான படிவத்தை அனுப்பிய நேரம் 11.12. அதன் ஒன்பதாவது வினா, கணினிவழிச் செய்முறைப் பயிற்சி மாணவர்களை நேரடிச் செய்முறைக்குப் பாதுகாப்பாகத் தயார்ப்படுத்துகிறதா என்பது. என் பெயருக்கு நேராக 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று உள்ளது. அந்த நிமிடத்தில் ஜெகதீசன் புட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தார். அன்று 10.41 முதல் 11.50 வரை சித்தார்த்தனின் பயனர் பெயரில் பள்ளியின் எட்டுப் படிவங்கள் அனுப்பப்பட்டுள்ளன. அவர் எங்கே இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை, ஐயா. அந்தச் சாட்சி தங்களுக்கு வந்து சேர்ந்த படிவங்களிலேயே இருக்கிறது.

12. சங்கவியின் தாயார் குப்பம்மாள் கூலி வேலை செய்பவர். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். கையில் மண் காயவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். "நல்லா படிக்கினு இருந்திச்சே மிஸ். கம்ப்யூட்டர்ல ஃபஸ்ட்டு வருதுன்னு நீங்கதான சொன்னீங்க," என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

13. மூன்றாம் நாள் சங்கவி பேசினார். இரு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். என் குரலை அடையாளம் கண்டு, "மிஸ், நான் கம்ப்யூட்டர்ல எப்பவும் அப்பிடித்தான ஊத்துவேன். அப்பல்லாம் ஒண்ணும் ஆவலையே மிஸ். இப்ப மட்டும் ஏன் ஆச்சி?" என்று கேட்டார். என் மீது பழி போடுவதற்காக அவர் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பாரே, அதே குரல். தூங்கும்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

14. 05.02.2025 அன்று விசாரணை நடந்தது. அதற்கு முந்திய நாள் தலைமையாசிரியர் என்னையும் ஜெகதீசனையும் தம் அறைக்கு அழைத்து, "ஸ்கூல் பேரு போனா எல்லாரும் போவோம். சித்தார்த்தன் சின்னப் பையன், ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவான். ஒங்களுக்குப் புரமோஷன் லிஸ்ட்ல பேர் இருக்குது, யோசிச்சிக்குங்க," என்றார். நான் யோசித்தேன். யோசித்து, நாற்பது வரிகளில் ஒரு பொய்யை எழுதினேன். அமில அலமாரியின் சாவி சித்தார்த்தனிடம் இருந்தது என்று எழுதினேன். அவரை நான் தேடினேன் என்றுகூட எழுதினேன். உடனிருந்த மாணவியரை எவரும் விசாரிக்கவில்லை. ஜெகதீசன் அதே கருத்தில் நான்கு வரிகள் எழுதினார். கையெழுத்துப் போட்ட பேனாவை மேசை மேல் வீசிவிட்டு எழுந்து போனவர், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

15. சித்தார்த்தன் கண்டமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் இன்றும் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அரசுப் பணிக்கு வந்த முதல் ஆள் அவர். எங்கள் பள்ளியில் கணினியும் தெரிந்து, கண்ணாடிக் குடுவையும் தெரிந்து, இரண்டுக்கும் அஞ்சாதவர் அவர் ஒருவரே. கணினியில் ஊற்றும் வரிசை தவறாக இருக்கிறது, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் என்று அக்டோபர் மாதமே என்னிடம் சொன்னவர் அவர்தான். ஆய்வக உதவியாளர் எனக்குப் பாடம் சொல்வதா என்று அன்று எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டானது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

16. சென்ற வாரம் அவரைத் தேடிச் சென்றேன். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறார். என்னைக் கண்டதும் உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். அவரே பேச்சைத் தொடங்கினார். "ஒங்க ஸ்டேட்மென்ட் காப்பி எனக்குக் குட்த்தாங்க மிஸ். படிச்சேன். எழுத்து முத்து முத்தா இருந்திச்சி. ஒரு எடத்துல கூட அடிச்சித் திருத்தல." பிறகு, "எங்க ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமா மிஸ்? அந்தப் பொண்ணு கண்ண நான் அவிச்சிட்டேன்னு. எங்க அம்மா வெளிய தலை காட்டறதில்ல," என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்துவிட்டார், வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டார்.

17. இந்நிலையில், ஆய்வகக் கணினிப் பயன்பாட்டில் சிறந்த மனப்பாங்கு கொண்ட ஆசிரியர்களுள் ஒருத்தியாக நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், 22.04.2025 அன்று விழுப்புரத்தில் நூற்றிருபது அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் எனக்கு ஆணை வந்துள்ளது. நான் படித்துக்கூடப் பார்க்காத அந்தப் படிவத்தின் மதிப்பெண்ணைக் கொண்டே என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஆணையைக் கையில் வாங்கிய அன்றுதான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

18. ஆகவே ஐயா, பார்வை 1-இல் கண்ட என் வாக்குமூலம் பொய்யானது என்று ஏற்று அதைத் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன். சித்தார்த்தன் மீதான தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்து, அவர் குற்றமற்றவர் என்பதை அவருடைய ஊரில் உள்ளவர்களும் அறியும்படி வெளிப்படையாக அறிவிக்க வேண்டுகிறேன். என் மீதும், பொய்யை எழுதச் சொன்ன தலைமையாசிரியர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஜெகதீசன் எழுதிய நான்கு வரிகளுக்காக அவரைத் தண்டிக்க நேர்ந்தால், அவர் ஊற்றிய தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். கணினிகளை மட்டும் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் மட்டும் ஆய்வகத்தைத் திறக்க வேண்டும் என்றும், கணினியில் செய்த ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர் தம் கையால் ஒருமுறை செய்து காட்டிய பிறகே மாணவியர் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட வேண்டும். சங்கவிக்கு இவற்றால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குப் படிப்பைத் தொடர என்ன வழி உண்டோ அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

19. கடைசியாக ஒன்று. இது என் வாக்குமூலத்திலும் இல்லை, விசாரணை அறிக்கையிலும் இல்லை. நான்காம் நாள் மருத்துவமனை வராந்தாவில் குப்பம்மாளிடம் ஒரு தாளில் கைநாட்டு வாங்கப்பட்டது. தம் மகள் ஆசிரியர் சொல்லைக் கேளாமல் கவனக்குறைவாக நடந்துகொண்டதால் விபத்து நேர்ந்தது என்றும், எவர் மீதும் புகார் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் தலைமையாசிரியர். எழுதியவள் நான். "இன்னா எழுதியிருக்குது மிஸ்?" என்று குப்பம்மாள் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய தாள் என்றேன். "நீங்க சொன்னா சரி மிஸ்," என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார். மை பூசியதும் நான்தான். தம் மகள் மீதே குற்றம் சொல்லும் தாளில் தாம் கைநாட்டு வைத்திருப்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. சித்தார்த்தன் மீதான விசாரணை 15.04.2025 அன்று மீண்டும் நடக்க உள்ளது. அன்று குப்பம்மாளையும் அழைக்கும்படி வேண்டுகிறேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தாளை அவருக்கு நானே வாசித்துக் காட்ட அனுமதி அளிக்க வேண்டும்.

இடம்: திண்டிவனம்
நாள்: 07.04.2025

இங்ஙனம்,
(ஒப்பம்)
ச. பிரபாவதி

இணைப்பு:
1. பயிற்சி ஆணையின் நகல்.
2. இணையவழிப் படிவங்கள் அனுப்பப்பட்ட நேரப் பட்டியல்.
3. குப்பம்மாளின் கைநாட்டுப் பெற்ற தாளின் நகல் (என் கையெழுத்தில்).